பழைய பிராட்வே இசை நாடகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் நியூயார்க்கில் பிராட்வே தெருவைச் சுற்றியுள்ள அரங்குகளில் ஓடிய இசை நாடகங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், கேட்பவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் நிறுத்துகிறார்கள். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றில் நான் கொஞ்சம் தங்கிவிட்டேன், பொறுத்துக்கொள்ளவும்.

மியூசிக்கல், ஆபரெட்டா, ஆபரா எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. ஆபராவில் பெரும்பாலும் எல்லாமே பாட்டுதான். "கதவைத் திற" என்பதைக்கூடப் பாடித்தான் சொல்வார்கள். ஆபரெட்டா அதன் இளைய தங்கை. இடையிடையே வசனம் உண்டு, கதை இலேசானது. ஆனால் பாடுகிறவர்களுக்கு ஆபராக் குரல் வேண்டும், கதையில் மாறுவேட இளவரசன் ஒருவன் வந்துவிடுவான். மியூசிக்கல் என்று பின்னாளில் பெயர் பெற்றது இதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டது. மீதியை வோட்வில் எனப்பட்ட பல்சுவை மேடையிலிருந்து எடுத்தது. நகைச்சுவை, நடனம், சர்க்கஸ் வித்தை, பாட்டு என்று மாலை முழுவதும் மாறி மாறி வரும் மேடை அது.

முதல் அமெரிக்க மியூசிக்கல் எது?

1866-ல் நியூயார்க்கின் நிப்லோஸ் கார்டன் அரங்கில் ஏறிய 'த பிளாக் க்ரூக்' என்பது வழக்கமான பதில். வேறோர் அரங்கம் தீக்கிரையாகி, அங்கே ஆட வந்திருந்த பாலே குழு நடுத்தெருவில் நிற்க, அவர்களை ஒரு மந்திரவாதிக் கதைக்குள் நுழைத்தார்கள், மியூசிக்கல் பிறந்தது என்பார்கள். ஐந்தரை மணி நேர நாடகம், 474 முறை மேடையேறியது. சொல்லச் சுவையான கதை என்பதால்தான் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்திருக்கிறது. பாட்டும் வசனமும் கலந்த நாடகங்கள் அதற்கு முன்பே அங்கே இருந்தன.

ஒரு நாடகத்தின் பாடல்கள் முழுவதையும் ஒரே இசையமைப்பாளர்தானே எழுதியிருப்பார்?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். 1900-களின் தொடக்கத்தில் நாடகத்தின் பாட்டு என்பது வாடகை வீட்டில் இருப்பவர் மாதிரி. எப்போது வேண்டுமானாலும் வரலாம், காலி செய்யவும் சொல்லலாம். தயாரிப்பாளருக்கு இரண்டாம் அங்கம் சோர்வாகத் தெரிந்தால் வெளியிலிருந்து ஒரு பாட்டை வாங்கிச் செருகுவார். நட்சத்திர நடிகை தனக்குப் பிடித்த பாட்டைக் கையோடு கொண்டுவருவார். நிகழ்ச்சி நிரலில் ஒருவர் பெயர் இருக்கும், பாடல்களில் நான்கு பேரின் கை இருக்கும்.

1892-ல் சார்லஸ் ஹாரிஸ் எழுதிய 'ஆஃப்டர் த பால்' என்ற வால்ட்ஸ் பாட்டு (மூன்று எண்ணிக்கையில் சுழலும் நடனத் தாளம்) இப்படித்தான் 'எ ட்ரிப் டு சைனாடவுன்' என்ற நாடகத்துக்குள் போனது. நாடகக் கதைக்கும் அந்தப் பாட்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் பாட்டின் அச்சுப் பிரதி பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. நாடகத்தை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

இசையமைப்பாளர் ஜெரோம் கெர்ன் தொழில் கற்றதே இந்த இடைச்செருகல் வேலையில்தான். லண்டனிலிருந்து வரும் நாடகங்களுக்கு நியூயார்க் ரசிகர்கள் எதிர்பார்க்கும் துடிப்பு போதவில்லை என்று தோன்றும்போதெல்லாம் இவரைக் கூப்பிடுவார்கள். 1914-ல் 'த கேர்ள் ஃப்ரம் யூட்டா'வுக்கு அப்படிச் சேர்த்த 'தே டிடன்ட் பிலீவ் மீ' இன்றும் பாடப்படுகிறது. அதுவரை காதல் பாட்டு என்றால் வால்ட்ஸ் தாளத்தில் சுழல வேண்டும் என்பது எழுதாத விதி. இது நான்கு எண்ணிக்கையில், காதருகே பேசுவதுபோல் நடக்கிறது. பாட்டு கதையோடு எப்போது, எப்படி ஒட்டிக்கொண்டது என்பதுதான் இந்த முப்பது ஆண்டுகளின் கதை என்பேன்.

டின் பான் ஆலி என்பது என்ன?

நியூயார்க்கில் மேற்கு 28-ஆம் தெருவில், ஐந்தாம் அவென்யூவுக்கும் ஆறாம் அவென்யூவுக்கும் இடையே இருந்த பாட்டுப் பதிப்பகங்களின் வரிசை. தகர டப்பாச் சந்து என்று தமிழில் சொல்லலாம். திறந்த ஜன்னல்கள் வழியே ஒரே நேரத்தில் பல பியானோக்கள் கேட்டதால் வந்த கேலிப்பெயர் என்பார்கள். வானொலி வராத காலம். வீட்டில் பியானோ வைத்திருப்பவர்கள் பாட்டைத் தாளாக வாங்கிப் போய் வாசித்தார்கள். அந்தத் தாளை விற்க நாள் முழுக்க வாசித்துக் காட்டும் வேலைக்கும் ஆள் வைத்திருந்தார்கள். 1914-ல், பதினைந்து வயதில், பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு வாரம் 15 டாலருக்கு அப்படி ஒரு பதிப்பகத்தில் உட்கார்ந்த பையன், பின்னாளில் பெரிய இசையமைப்பாளரான ஜார்ஜ் கெர்ஷ்வின்.

அந்தப் பாடல்களின் அமைப்பு எப்படி இருக்கும்?

நம் பழைய நாடகப் பாட்டுகளில் தொகையறா வருமே, ஏறக்குறைய அதுபோல முதலில் பேச்சும் பாட்டுமாக ஒரு முன்பகுதி. பிறகு எல்லோருக்கும் தெரிந்த முக்கியப் பகுதி. 1920-களில் அது பெரும்பாலும் 32 அளவைகள் (தாளச் சுற்றுகள்) கொண்டதாக இறுகியது. ஒரு மெட்டு, அதே மெட்டு மறுபடி, மாறுதலுக்கு ஒன்று, கடைசியில் முதல் மெட்டுக்குத் திரும்புதல். பின்னாள் பாடகர்கள் முன்பகுதியை வெட்டிவிட்டு நேரே முக்கியப் பகுதிக்குப் போய்விட்டார்கள். இந்தப் பாட்டை இப்போது, இந்த இடத்தில், இவர் ஏன் பாடுகிறார் என்பது வெட்டுப்பட்ட பகுதியில்தான் பெரும்பாலும் இருக்கும்.

டைம்ஸ் சதுக்கத்தில் ஜார்ஜ் எம். கோஹனுக்கு ஏன் சிலை?

எழுதினார், இசையமைத்தார், இயக்கினார், ஆடினார், பாடினார். அப்பா, அம்மா, அக்கா, இவர் என்று நால்வரும் வோட்வில் மேடையில் வளர்ந்த குடும்பம். ஜூலை 4, அமெரிக்க விடுதலை நாளில் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டார். ஞானஸ்நானப் பதிவேடு ஜூலை 3 என்கிறது.

1904 நவம்பரில் வந்த 'லிட்டில் ஜானி ஜோன்ஸ்' முதல் ஓட்டத்தில் 52 முறைதான் மேடையேறியது. ஆனால் அதில் ஒரு காட்சியைப் பாருங்கள். இங்கிலாந்தில் குதிரைப் பந்தயத்துக்கு வந்த அமெரிக்க ஜாக்கி, வேண்டுமென்றே தோற்றான் என்ற பழியைச் சுமந்துகொண்டு சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் நிற்கிறான். ஊருக்குப் போகும் கப்பல் கிளம்புகிறது. பழி நீங்கும்வரை அவன் ஏற முடியாது. ஆதாரம் கிடைத்தால் கப்பலிலிருந்து ஒரு வாணம் விடுவதாக ஏற்பாடு. போகிறவர்களிடம் 'என் வணக்கத்தை பிராட்வேக்குச் சொல்லுங்கள்' என்று பாடி அனுப்புகிறான். கப்பல் தூரத்தில் சிறு வெளிச்சமாகிறது. வாணம் எழுகிறது. அதே மெட்டு, இப்போது கால்கள் தரையில் நிற்கவில்லை.

இந்தப் பாட்டை வேறு நாடகத்தில் செருகினால் பாதி உயிர் போய்விடும். 1904-லேயே ஒருவர் இதைக் கண்டுபிடித்திருக்கிறார். கதை மட்டும் சுமார்தான்.

1919-ல் நடிகர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தபோது கோஹன் முதலாளிகள் பக்கம் நின்றார். அந்தக் கசப்பு பல ஆண்டுகள் இருந்தது. 1959-ல் சிலை எழுந்தது. அதற்கு முன்னின்றவர் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன், கீழே வரும் 'ஷோ போட்' நாடகத்தின் கதையையும் பாடல் வரிகளையும் எழுதியவர்.

விக்டர் ஹெர்பர்ட் யார்? பாட்டுக்கு ராயல்டி வந்தது அவரால்தானா?

குர்ன்ஸி தீவில் பிறந்து, ஜெர்மனியில் செல்லோ பயின்று, நியூயார்க் ஆபராவின் இசைக்குழுவில் வாசிக்க வந்தவர். 'பேப்ஸ் இன் டாய்லாந்து' (1903), 'நாட்டி மாரியட்டா' (1910) போன்ற ஆபரெட்டாக்கள் இவருடையவை. தன் படைப்புகளுக்கு இசைக்குழுப் பகுதிகளைத் தானே எழுதினார். அந்த வட்டாரத்தில் அது அபூர்வம்.

ராயல்டி விஷயம் இப்படி. பிராட்வேயில் ஷான்லி என்ற உணவகத்தில் சாப்பிடுகிறவர்களுக்காக இவருடைய 'ஸ்வீட்ஹார்ட்ஸ்' பாட்டைப் பாடினார்கள். நாங்கள் பாட்டுக்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லையே, இவருக்கு ஏன் தர வேண்டும் என்றது உணவகம். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1917-ல் நீதிபதி ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பு மிகச் சிறியது. சாப்பாட்டு விலையில் பாட்டுக்கான விலையும் அடக்கம், பாட்டால் இலாபமில்லை என்றால் நீங்களே நிறுத்தியிருப்பீர்கள் என்பது அதன் சாரம். 1914-ல் ஹெர்பர்ட்டும் மற்றவர்களும் சேர்ந்து, பாட்டுக்கான கட்டணத்தை வசூலிக்கத் தொடங்கிய ஆஸ்கேப் சங்கத்துக்கு இந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் பல் முளைத்தது.

பிரின்சஸ் தியேட்டர் நாடகங்களை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

மேற்கு 39-ஆம் தெருவில் 299 இருக்கைகள் கொண்ட குட்டி அரங்கம். நூறு நடனப் பெண்களை வரிசையாக நிறுத்த இடமில்லை. இரண்டு மேடையமைப்புகளுக்கு மேல் கட்டுப்படியாகாது. பிரம்மாண்டம் முடியாது என்றானதும் கதையையும் வசனத்தையும் கவனிக்க வேண்டியதாயிற்று. ஜெரோம் கெர்ன் இசை, கை போல்டன் கதை, பிறகு பி. ஜி. வோட்ஹவுஸ் பாடல் வரிகள். ஆம், ஜீவ்ஸ் கதைகள் எழுதிய அதே வோட்ஹவுஸ்தான். 'வெரி குட் எடி' (1915), 'ஓ, பாய்!' (1917), 'ஓ, லேடி! லேடி!!' (1918). எல்லாம் அன்றைய நியூயார்க் மனிதர்கள், அவர்களுடைய அன்றைய சிக்கல்கள். இளவரசர்களுக்கு அங்கே வேலையில்லை.

'பில்' என்ற பாட்டு எந்த நாடகத்தைச் சேர்ந்தது?

'ஓ, லேடி! லேடி!!'க்காக வோட்ஹவுஸும் கெர்னும் எழுதியது. பில் அப்படி ஒன்றும் அழகனில்லை, கெட்டிக்காரனும் இல்லை, ஏனோ அவனைப் பிடித்திருக்கிறது என்று ஒரு பெண் பாடுகிறாள். அரங்கேற்றத்துக்கு முன்பே பாட்டை எடுத்துவிட்டார்கள். அடுத்து ஒரு நாடகத்தில் முயன்றார்கள். அது நியூயார்க் வருவதற்கு முன்பே மூடிவிட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1927-ல், 'ஷோ போட்' நாடகத்தில் கெர்ன் இதற்கு இடம் கண்டார். ஜூலி என்ற பாடகி, வாழ்க்கை குலைந்து, குடியில் விழுந்து, சிகாகோவின் இரவு விடுதி ஒன்றில் காலை ஒத்திகைக்கு வருகிறாள். ஹெலன் மார்கன் என்ற நடிகை பியானோவின் மேல் உட்கார்ந்து அதைப் பாடினார். வரிகள் பெரும்பாலும் பழைய வரிகளே. 1918-ல் சிரிக்க வைக்க எழுதியது 1927-ல் தொண்டையை அடைத்தது.

எல்லோரும் வரிகளை ஹாமர்ஸ்டைனுடையது என்றே நினைத்தார்கள். 1946-ல் நாடகம் மறுபடி மேடையேறியபோது, அந்தப் பாட்டு வோட்ஹவுஸ் எழுதியது என்று நிகழ்ச்சிக் குறிப்பில் ஹாமர்ஸ்டைனே அச்சிடச் செய்தார். வரிகளை இலேசாகத் திருத்தியவர் தானே என்றாலும் பெயர் தனக்கு வேண்டாம் என்றார்.

கறுப்பின இசையமைப்பாளர்களுக்கு பிராட்வேயில் இடம் இருந்ததா?

இருந்தது என்பதைவிட, பிடித்தார்கள் என்பதே சரி. 1903-ல் 'இன் டஹோமி', முழுக்கக் கறுப்பினத்தவர் எழுதி நடித்து பிராட்வேயின் முக்கிய அரங்கில் ஏறிய முதல் முழுநீள இசை நாடகம். இசை வில் மரியன் குக். பெர்லினில் வயலின் பயின்றவர். பெர்ட் வில்லியம்ஸ், ஜார்ஜ் வாக்கர் இருவரும் முக்கிய வேடங்களில். அதே ஆண்டு லண்டன் சென்று பக்கிங்ஹாம் அரண்மனையிலும் நடித்தார்கள். நியூயார்க்கிலோ, பார்க்க வந்த கறுப்பினத்தவர்களை மாடிக்குத்தான் அனுப்பினார்கள்.

அடுத்த பெரிய அலை 1921-ல் 'ஷஃபிள் அலாங்'. இசை யூபி பிளேக், வரிகள் நோபிள் சிசில், கதையும் நகைச்சுவையும் மில்லர், லைல்ஸ். கடனோடு வெளியூர் சுற்றி, 63-ஆம் தெருவில், பிராட்வேக்காரர்கள் திரும்பிப் பார்க்காத ஓர் அரங்கில் வந்து இறங்கினார்கள். 504 காட்சிகள் ஓடியது.

அதில் கறுப்பினக் காதலர் இருவர் பாடும் 'லவ் வில் ஃபைண்ட் எ வே' என்ற பாட்டு உண்டு. அதுவரை மேடையில் கறுப்பினத்தவரின் காதல் கேலிப்பொருளாகத்தான் வரலாம். உருகிப் பாடினால் வெள்ளைக்காரக் கூட்டம் சும்மா இருக்குமா என்ற பயம். முதல் இரவில் தானும் மில்லரும் லைல்ஸும் ஓடுவதற்கு வசதியாகப் பின்கதவருகே நின்றிருந்ததாகவும், பிளேக் மட்டும் முன்னால் பியானோவில் மாட்டிக்கொண்டிருந்ததாகவும் சிசில் பின்னாளில் சொன்னார். யாரும் எதையும் வீசவில்லை. மறுபடி பாடச் சொன்னார்கள்.

இன்னொரு பாட்டு, 'ஐம் ஜஸ்ட் வைல்ட் அபவுட் ஹாரி'. பிளேக் அதை வால்ட்ஸாக எழுதியிருந்தார். கறுப்பினத்தவர் நாடகத்தில் வால்ட்ஸை எவர் ஏற்பார் என்று நாயகி லாட்டி ஜீ மறுத்துவிட்டார். மனதில்லாமல் வேகத் தாளத்துக்கு மாற்றினார் பிளேக். 1948-ல் ஹாரி ட்ரூமன் தேர்தல் பிரசாரத்துக்கு அதைப் பயன்படுத்தினார். கேட்க உற்சாகமான பாட்டு. ஆனால் வால்ட்ஸ் எழுதும் உரிமைகூட யாருக்கு உண்டு என்பதை அந்த மாற்றம் சொல்கிறது. கறுப்பினத்தவரைக் கேலியாகக் காட்டும் பழைய மேடை வழக்கப்படி மில்லரும் லைல்ஸும் முகத்தில் கரி பூசிக்கொண்டே நடித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இசையமைப்பாளர் இர்விங் பெர்லினுக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாதாமே?

தெரியாது. பியானோவிலும் பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளை நம்பி ஒரே சுருதியில்தான் வாசிப்பார். சுருதி மாற்ற வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு நெம்புகோல் வைத்த பியானோ வைத்திருந்தார். கட்டை அதேதான், ஒலி மட்டும் மாறும். அவர் வாசிக்க, உதவியாளர் எழுதிக்கொள்வார். 1914-ல் 'வாட்ச் யுவர் ஸ்டெப்' நாடகத்தில் ஒரு சாதுவான மெட்டையும் துள்ளல் தாளத்தில் ஒரு ராக்டைம் மெட்டையும் தனித்தனியே பாடவைத்து, பிறகு இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டார். எதிர்மெட்டு இலக்கணம் படித்தவர்கள் வியர்த்து எழுதுவது அது.

அப்படியென்றால் முழு இசைக்குழுவுக்கு யார் எழுதினார்கள்?

பெரும்பாலும் வேறொருவர். இசையமைப்பாளர் பியானோவுக்கும் குரலுக்கும் எழுதிக் கொடுப்பார். எந்த வரி குழலுக்கு, எது வயலினுக்கு என்று பிரித்து எழுதுகிறவர் தனி. கெர்னுக்கு ஃபிராங்க் சாட்லர், பிறகு ராபர்ட் ரசல் பென்னட். மைக் இல்லாத அரங்கில் பாடுகிறவரின் சொல் பின்வரிசைக்குக் கேட்க வேண்டும். எனவே சொல் வரும்போது இசைக்குழு விலகி, மூச்சு விடும் இடத்தில் நுழைய வேண்டும். இந்த நுட்பத்துக்குக் கைத்தட்டல் வாங்கியவர் வேறு ஆள்.

பெண்கள் யாரும் எழுதவில்லையா?

பாடல் வரிகளில் பலர். 'நாட்டி மாரியட்டா'வுக்கு ரிடா ஜான்சன் யங், 'த ஸ்டூடண்ட் பிரின்ஸ்' (1924) நாடகத்துக்கு டாரதி டானலி, கெர்னுடன் ஆன் கால்டுவெல். இசை என்றால் பட்டியல் சட்டென்று குறுகிவிடும். முழு இசையையும் ஒரு பெண்ணே எழுதி வெற்றி கண்ட முதல் பிராட்வே நாடகமாகச் சொல்லப்படுவது 1930-ல் கே ஸ்விஃப்ட் எழுதிய 'ஃபைன் அண்ட் டாண்டி'.

'ஷோ போட்' அவ்வளவு பெரிய திருப்புமுனையா?

1927 டிசம்பர் 27, ஸீக்ஃபெல்ட் தியேட்டர், 572 முறை மேடையேறியது. எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. மேலே சொன்ன துறைமுகக் காட்சியையும் பிரின்சஸ் நாடகங்களையும் மறந்துவிட்டு எழுதுகிறார்கள். ஆனால் ஒரு பாட்டுக்காக அவர்கள் சொல்வதைப் பாதி ஒப்புக்கொள்வேன்.

மிசிசிப்பி ஆற்றில் ஊர் ஊராகப் போகும் நாடகப் படகு. அந்தக் குழுவின் நாயகி ஜூலி வெள்ளைக்காரி என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். சமையலறையில் இளம்பெண் மக்னோலியாவுக்குத் தனக்குப் பிடித்த பாட்டொன்றைப் பாடிக் காட்டுகிறாள், 'கான்ட் ஹெல்ப் லவ்வின் தட் மேன்'. உள்ளே வரும் சமையல்காரி குவீனி, கறுப்பின மக்கள் மட்டும் பாடும் பாட்டாயிற்றே, இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறாள். ஜூலி ஒரு கணம் தடுமாறுகிறாள். அவ்வளவுதான். பிறகு எல்லோரும் சேர்ந்து ஆடிப் பாடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் ஷெரீஃப் வருகிறார்: ஜூலிக்குக் கறுப்பின வழி உண்டு, கணவன் வெள்ளைக்காரன், கலப்பினத் திருமணம் அங்கே குற்றம். வசனம் சொல்வதற்கு முன்பே பாட்டு காட்டிக்கொடுத்துவிட்டது. அந்தப் பாட்டை எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகினால் கதை நகராது.

இன்னொன்று. இரண்டாம் அங்கத்தில் மக்னோலியா சிகாகோ விடுதியில் பாட வேண்டிய இரவு, கெர்ன் புதிதாக எழுதவில்லை. 'ஆஃப்டர் த பால்' பாட்டைப் பாட வைத்தார். 1892-ல் எங்கோ செருகப்பட்ட அதே வாடகைப் பாட்டு. கூச்சலிடும் கூட்டம் தனக்குத் தெரிந்த பழைய மெட்டைக் கேட்டு அடங்குகிறது.

குறையும் சொல்ல வேண்டும். முதல் கோரஸின் தொடக்கமே இழிசொல். பின்னாளில் பலமுறை மாற்றினார்கள். நிறவெறியைக் கண்டித்த அதே 1927 மேடையில் குவீனியாக நடித்தவர் கரி பூசிய வெள்ளை நடிகை.

கெர்ஷ்வினுக்கு புலிட்சர் பரிசு கிடைத்ததா?

1931-ல் வந்த 'ஆஃப் தீ ஐ சிங்' நாடகத்துக்கு 1932-ல் கிடைத்தது. கதை எழுதிய காஃப்மனுக்கும் ரிஸ்கிண்டுக்கும், பாடல் வரிகளுக்காக அண்ணன் ஐராவுக்கும். அது இலக்கியப் பரிசு, மெட்டு அதில் சேராது என்றார்கள். ஜார்ஜுக்கு ஒன்றுமில்லை. 1937-ல் 38 வயதில் இறந்தார். 1998-ல் சிறப்புப் பாராட்டு என்று ஒன்றை அறிவித்தார்கள்.

இந்த நாடகங்களை இப்போது முழுதாகப் பார்க்க ஏன் முடிவதில்லை?

பாட்டுத்தாளைத்தான் பதிப்பித்தார்கள். இசைக்குழுப் பிரதிகளை ஓட்டம் முடிந்ததும் மூட்டை கட்டினார்கள், சிலவற்றைத் தூக்கி எறிந்தார்கள். 1929-ல் வார்னர் பிரதர்ஸ் பல பாட்டுப் பதிப்பகங்களை வாங்கியபோது அந்தத் தாள்களும் கூடவே போயின. 1982-ல் நியூஜெர்சியின் செகாகஸ் ஊரில் அந்த நிறுவனத்தின் கிடங்கில் பெட்டி பெட்டியாகக் கிடைத்தன: கெர்ன், கெர்ஷ்வின், ஹெர்பர்ட் ஆகியோரின் தொலைந்ததாக எண்ணியிருந்த கையெழுத்துப் பிரதிகள். உரிமைச் சிக்கலும் மெல்ல விலகுகிறது. 'ஷோ போட்' பாடல்கள் உட்பட 1927-ல் வெளியானவை 2023 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பொதுவுடைமை.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

1936-ல் வந்த 'ஷோ போட்' படத்தில் ஹெலன் மார்கனும் பால் ரோப்ஸனும் இருக்கிறார்கள், முதலில் அது. பிறகு ஜான் மெக்லின் நடத்தி 1988-ல் வந்த முழு ஒலிப்பதிவு. மூன்று இசைத்தட்டுகள், பழைய இசைக்குழுப் பிரதிகளின்படி வாசித்தது. அரங்கேற்றத்துக்கு முன் வெட்டிய பாடல்களைக் கடைசியில் பின்னிணைப்பாக வைத்திருக்கிறார்கள். அவற்றை முதலில் கேட்டுவிடாதீர்கள்.